ஜோக்கர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது

கேள்வி: நான் மாங்குளத்தில் இருக்கிறேன். அக்காவின் மகளுக்குக் கலியாணம் என்று அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறேன். கலியாணம் முடிந்ததும் எல்லோரையும் நயாகராவுக்குக் கூட்டிப்போய், இரவில் காசினோவையும் காட்டுவதாக அத்தான் சொல்கிறார். அவர் அங்கே பை கவ் போக்கரும், 2 எல்லாம் வைல்ட் கார்டாக (வேறு சீட்டாக மாறக்கூடியதாக) இருக்கிற ஒரு மெஷினும் விளையாடுவாராம். வீட்டில் நண்பர்களோடு ஆடும் போக்கரிலும் வைல்ட் கார்ட் உண்டாம். எனக்கு 304 சீட்டாட்டம் நன்றாக வரும், ரம்மியும் தெரியும். போக்கரில் எந்தக் கை எதை வெல்லும் என்பதையும் பாடமாக்கிவிட்டேன். ஜோக்கர் கிடைத்தவனுக்கு வெற்றி நிச்சயம் என்கிறான் என் நண்பன். உண்மையா? புதிதாக ஆடுகிறவன் வைல்ட் கார்டை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? போவதற்கு முன்னர் போனில் காசு கட்டிப் பழகலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, உங்கள் நண்பன் ரம்மியை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ரம்மியில் ஜோக்கர் வந்தால் சந்தோஷப்படலாம். அது எந்த இடைவெளியையும் அடைக்கும். போக்கரில் அப்படி ஒரே விதி கிடையாது. காசினோ மேசைகளில் பல ஆண்டுகள் சீட்டுப் பகிர்ந்தேன். இப்போது கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். மேசையில் நான் கண்ட புதியவர்களில் பெரும்பாலானோர் ஜோக்கர் இல்லாமல் தோற்கவில்லை. ஜோக்கர் கையில் இருக்கும்போதுதான் தோற்றார்கள். அதற்கு என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமலே உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே எந்த மேசையிலும் முதல் கேள்வி அதுதான்: இங்கே வைல்ட் கார்ட் எதுவாக மாறலாம், எதுவாக மாறக்கூடாது? அத்தான் சொன்ன மூன்று ஆட்டங்களிலும் இதற்கு மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன.

அதற்கு முன் ஒரு பொது விடயம். இரணைமடுக் குளம் நிரம்பி எல்லோருடைய வயலும் ஒன்றாக விளைந்த ஆண்டில் நெல்லின் விலைக்கு என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வைல்ட் கார்ட் உள்ள மேசையிலும் அதுதான் நடக்கிறது. உங்கள் கை பெருக்கும், மற்றவனின் கையும் பெருக்கும். சாதாரணப் போக்கரில் பெரிய கை என்று நீங்கள் பாடமாக்கிய பட்டியல் அப்படியே இருக்கும், ஆனால் அந்தக் கைகளின் பெறுமதி ஒரு படியோ இரண்டு படியோ இறங்கிவிடும்.

இதைக் கணக்காகவே காட்டலாம். 52 சீட்டுக் கட்டில் ஐந்து சீட்டுக் கை ஒன்றில் இரண்டு ஜோடி அமையும் விதங்கள் 1,23,552. ஒரே எண்ணில் மூன்று சீட்டு அமையும் விதங்கள் 54,912. மூன்று அரிது, அதனால் அது இரண்டு ஜோடியை வெல்கிறது. நியாயம். இப்போது எதுவாகவும் மாறக்கூடிய ஒரு ஜோக்கரைக் கட்டில் சேருங்கள். உங்களிடம் ஒரு ஜோடியும் ஜோக்கரும் வேறு இரண்டு உதிரிச் சீட்டுகளும் வந்தால் அதை இரண்டு ஜோடியாகவும் சொல்லலாம், மூன்றாகவும் சொல்லலாம். யார் இரண்டு ஜோடி என்று சொல்லுவார்? எல்லோரும் மூன்று என்றே சொல்லுவார்கள். அப்படிப்பட்ட கைகள் 82,368. அவையும் சேர, மூன்றின் எண்ணிக்கை 1,37,280 ஆகிவிடுகிறது. அதாவது பெரிய கையான மூன்று, சிறிய கையான இரண்டு ஜோடியைவிடச் சாதாரணமாகக் கிடைக்கிறது!

சரி, பட்டியலை மாற்றி இரண்டு ஜோடியை மேலே வைத்தால்? அப்போது எல்லோரும் அந்த 82,368 கைகளையும் இரண்டு ஜோடி என்று அழைப்பார்கள். அது 2,05,920 ஆகிவிடும், மூன்று பழையபடி 54,912க்கு இறங்கிவிடும். எப்படி அடுக்கினாலும் அடுக்கு பிழையாகிவிடும். 1996இல் ஜோன் எமர்ட், டேல் உம்பாக் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இந்த முரண்பாட்டை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். சேர்மானங்கள் பாடம் நடத்தும்போது இந்த உதாரணத்தை வகுப்பில் சொல்ல எனக்கு ஆசைதான். பெற்றோர் என்ன சொல்லுவார்களோ என்று விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு இதிலிருந்து தேவையானது ஒன்று: வைல்ட் கார்ட் உள்ள மேசையில் மூன்று ஒரே சீட்டு வந்தவுடன் முகம் மலர வேண்டாம்.

இனி பை கவ். கலிபோர்னியாவில் 1985இல் உருவான ஆட்டம் இது. 52 சீட்டும் ஒரு ஜோக்கரும், ஆக 53. உங்களுக்கு ஏழு சீட்டு வரும். அதை ஐந்து சீட்டுப் பெரிய கை, இரண்டு சீட்டுச் சின்னக் கை என்று நீங்களே பிரித்து வைக்க வேண்டும். சீட்டுப் பகிரும் டீலரும் அப்படியே வைப்பார். இரண்டு கையும் வென்றால்தான் காசு. ஒன்று வென்று ஒன்று தோற்றால் கட்டிய காசு திரும்பி வரும். இரு தரப்பிலும் ஒரே கை வந்தால் அது டீலருக்கு. வென்ற காசில் வழக்கமாக 5 வீதம் கழிவு எடுப்பார்கள். பத்து ஆட்டத்தில் ஏறத்தாழ நான்கு வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் முடிவதால் காசு மெதுவாகத்தான் கரையும். முதன்முதல் போகிறவருக்கு நான் சொல்லும் மேசை இதுதான்.

இங்கே ஜோக்கருக்கு முழு அதிகாரம் இல்லை. அது ஏஸாக நிற்கலாம். அல்லது ஸ்ட்ரெயிட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு), பிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து), ஸ்ட்ரெயிட் பிளஷ் (இரண்டும் ஒன்றாக) ஆகியவற்றை நிரப்பலாம். வேறெதுவும் ஆகாது. உங்களுக்கு இரண்டு கிங், ஜோக்கர், குயின், 9, 6, 3 என்று வெவ்வேறு இனங்களில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரம்மிப் பழக்கம் உள்ளவர் உடனே மூன்று கிங் என்று நினைத்து மூன்றையும் பெரிய கையில் அடுக்கிவிடுவார். அங்கே இருப்பது ஒரு ஜோடி கிங்கும் ஓர் ஏஸும்தான். சரியான பிரிப்பு: பெரிய கையில் கிங் ஜோடியோடு 9, 6, 3. சின்னக் கையில் ஜோக்கரும் குயினும், அதாவது ஏஸ் குயின். ஒரே ஏழு சீட்டுத்தான், ஆனால் முதலாமவரின் சின்னக் கையில் குயினும் ஒன்பதும் நின்று தோற்றுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: ஏஸ், ஜோக்கர், இரண்டு 8, ஜாக், 6, 3. இங்கே ஏஸும் ஜோக்கரும் ஏஸ் ஜோடி. ஏஸ் ஜோடியோடு வேறொரு ஜோடி வந்தால் யோசிக்காமல் பிரியுங்கள்: ஏஸ் ஜோடி பெரிய கைக்கு, எட்டு ஜோடி சின்னக் கைக்கு. மூன்று ஏஸ் வந்தாலும், ஜோக்கரோடு சேர்ந்து வந்தாலும்கூட, இரண்டைப் பெரிய கையில் வைத்து ஒன்றைச் சின்னக் கைக்கு இறக்குங்கள். மூன்று ஜோடி வந்தால் மிகப் பெரிய ஜோடி சின்னக் கைக்குப் போகும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மீதி இரண்டு ஜோடியும் பெரிய கையில் இருப்பதால் அது எப்போதும் வலுவாகவே நிற்கும். எதுவுமே அமையவில்லையா, மிகப் பெரிய சீட்டைப் பெரிய கையில் வைத்து அடுத்த இரண்டைச் சின்னக் கையில் வையுங்கள். ஜோக்கர் மட்டும் வந்து வேறு ஒன்றும் அமையாதபோதும் இதே விதிதான்: ஜோக்கர் ஏஸாகப் பெரிய கையில் நிற்கும்.

ஜோக்கர் ஸ்ட்ரெயிட்டை நிரப்பும் இடத்தில் தயங்க வேண்டாம். 6, 7, 8, 9, ஜோக்கர், கிங், குயின் என்று வந்தால் ஜோக்கர் பத்தாகிப் பெரிய கையில் ஸ்ட்ரெயிட் அமைகிறது, சின்னக் கையில் கிங் குயின். இதைவிட அழகாக அந்த ஏழையும் பிரிக்க முடியாது. ஏஸ், 2, 3, 4, 5 என்ற ஸ்ட்ரெயிட்டைப் பல காசினோக்களில் இரண்டாவது பெரிய ஸ்ட்ரெயிட்டாக எண்ணுவார்கள்; அந்த மேசையில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஏஸும் ஜோக்கரும் சேர்ந்த ஐந்து ஏஸ், ரோயல் பிளஷையும் (ஒரே இனத்தில் பத்திலிருந்து ஏஸ் வரை) வெல்லும். அதற்காக யாரும் திட்டம் போட வேண்டியதில்லை.

ஒரு பொறி: சின்னக் கை பெரிய கையைவிடப் பெரிதாக இருந்தால் அந்த ஆட்டமே உங்களுக்குத் தோல்வி. முதல் நாளில் குழப்பம் வந்தால் டீலரிடம் 'ஹவுஸ் வே' என்று சொல்லுங்கள். டீலர் தன் கையைப் பிரிக்கும் அதே விதிப்படி உங்கள் கையையும் பிரித்துக்காட்டுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டீலராக இருந்தபோது எனக்குப் பிடித்தவர்களே அப்படிக் கேட்டவர்கள்தான். ஆட்டமும் நிற்காமல் ஓடும்.

ஜோக்கர் உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி வரும் என்று கேட்பீர்கள். 53இல் ஏழு சீட்டு உங்களுடையவை. 13 வீதத்துக்குச் சற்று மேல். உங்களிடம் அது இல்லையென்றால் டீலரிடம் இருக்க 46இல் 7, ஏறக்குறைய 15 வீதம். ஆகவே அத்தான் "ஜோக்கர் அவனிடம்தான் இருக்கிறது" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னால் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த மெஷின். 304 ஆடும்போது 2 முதல் 6 வரையுள்ள சீட்டுகளை ஒதுக்கிவிட்டுத்தானே பகிர்கிறோம்? இங்கே அந்த ஒதுக்கிய 2தான் ராசா. நான்கு 2உம் எதுவாகவும் மாறும், எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பெயர் டியூசஸ் வைல்ட். ஐந்து சீட்டு வரும். விரும்பியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு தடவை மாற்றலாம். எதிராளி யாரும் இல்லை, திரையில் உள்ள பரிசுப் பட்டியல்தான் எதிராளி. ஜோடிக்கும் இரண்டு ஜோடிக்கும் ஒரு சதமும் இல்லை. மூன்று ஒரே சீட்டு வந்தால்தான் போட்ட காசாவது திரும்பி வரும். கிங் ஜோடியைக் கண்டதும் மகிழ்கிறவர்களை அந்த மெஷின் பட்டினி போடும்.

ஐந்து சீட்டில் ஒரு 2ஆவது வருவதற்கு 34 வீத வாய்ப்பு. மற்றபடி, மூன்று தடவையில் இரண்டு தடவை 2 இல்லாமல்தான் ஆடப்போகிறீர்கள். அப்படி வந்த ஐந்தில் ஜோடியும் இல்லை, ஸ்ட்ரெயிட்டுக்கோ பிளஷுக்கோ அறிகுறியும் இல்லை என்றால் ஐந்தையும் எறியுங்கள். தனி ஏஸை, தனி கிங்கை மரியாதைக்காக வைத்திருக்க வேண்டாம். 2 ஒன்று மட்டும் வந்து மற்ற நான்கும் கிங், 9, 7, 4 என்று சிதறிக் கிடந்தால் 2ஐ மட்டும் வைத்து நான்கையும் மாற்றுங்கள். 2ஐ எறிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைச் சொல்லவும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கலைந்த சீட்டோடு சேர்த்து அதையும் எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

மூன்று 2, ஒரு 9, ஒரு 4 வந்தால் என்ன செய்வீர்கள்? இப்போதே நான்கு 9 கையில் இருக்கிறது. நல்ல மெஷினில் அதற்குப் போட்ட ஒன்றுக்கு 5. பலர் அதை எடுத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுவார்கள். 9ஐயும் 4ஐயும் எறியுங்கள். எந்த இரண்டு சீட்டு வந்தாலும் நான்கு ஒரே சீட்டுக்குக் குறையப்போவதில்லை, ஆகவே அந்த 5 எங்கும் ஓடாது. மீதி 47 சீட்டில் நான்காவது 2 அடுத்த இரண்டுக்குள் வர 47இல் 2 வாய்ப்பு, அதற்குப் பரிசு 200. அந்த ஒன்று மட்டுமே சராசரியாக எட்டரைக்குப் பெறுமதி. கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம் என்ற நம் 304 குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது.

இரண்டு ஜோடியில்தான் பட்டியலைப் பார்க்கத் தெரிய வேண்டும். 5, 5, 9, 9, கிங் வந்திருக்கிறது. கிங்கை எறிந்து ஒன்று எடுத்தால் புல் ஹவுஸ் (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்) அமைக்கக்கூடியவை இரண்டு 5, இரண்டு 9, நான்கு 2: 47இல் 8. புல் ஹவுஸுக்கு 3 தரும் மெஷினில் அதன் பெறுமதி 24ஐ 47ஆல் வகுத்தால் 0.51. ஒரு ஜோடியை மட்டும் வைத்து மூன்றை மாற்றினால், நான்கு ஒரே சீட்டுக்கு 5 தரும் பட்டியலில், சராசரி சுமார் 0.56. ஆகவே இருந்த ஒரு ஜோடியை உடைத்து எறிவதே சரி. புல் ஹவுஸுக்கு 4 தரும் மெஷினாக இருந்தால் 32ஐ 47ஆல் வகுத்தால் 0.68; அப்போது இரண்டு ஜோடியையும் வைத்திருங்கள். ஒரே கை, ஒரே வைல்ட் கார்ட், பட்டியலில் ஒரு எண் மாறியதும் முடிவு தலைகீழ்.

அதனால் அமருவதற்கு முன் திரையில் நான்கு ஒரே சீட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பழைய சிறந்த பட்டியலில் அது 5. பிழையே இல்லாமல் ஆடினால் அந்தப் பட்டியல் 100.76 வீதம் திருப்பித் தரும். அப்படிப்பட்ட மெஷின் இப்போது கண்ணில் படுவது அரிது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க அந்த 5 மட்டும் 4 ஆனால் திரும்புவது 6 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும். 2 எதுவும் இல்லாத இயற்கையான ரோயல் பிளஷுக்கு ஒன்றுக்கு 800 என்பதும் ஐந்து நாணயம் போட்டால்தான் வழக்கம். ஆகவே குறைந்த பெறுமதி நாணய மெஷினில் ஐந்து போடுவது, பெரிய நாணய மெஷினில் ஒன்று போடுவதைவிட நல்லது.

அத்தானின் வீட்டு மேசை இந்த மூன்றிலும் ஆபத்தானது. காசினோவில் விதி மேசைத் துணியில் அச்சாகியிருக்கும், வீட்டில் அது அன்றைக்குப் பகிர்கிறவரின் வாயில் இருக்கும். சிலர் 2ஐ வைல்ட் என்பார்கள், சிலர் ஒற்றைக் கண் தெரியும் இரண்டு ஜாக்குகளை என்பார்கள், சிலர் தலையில் வாளைச் செருகிய மாதிரி இருக்கும் ஹார்ட் கிங்கை என்பார்கள். பகிரும் முன்னரே கேளுங்கள்: ஐந்து ஒரே சீட்டு ரோயல் பிளஷை வெல்லுமா? இரண்டு பேருக்கும் ஒரே கை வந்தால், வைல்ட் இல்லாமல் அமைத்தவருக்கு முதலிடமா? கையில் ஏஸ் இருக்கும்போது வைல்ட் கார்டையும் அதே இனத்து ஏஸாகச் சொல்லலாமா? கேட்டால் கோபிக்க மாட்டார்கள். காட்டும் நேரத்தில் கேட்டால்தான் கோபம் வரும், கலியாண வீட்டில் அது தேவையில்லை.

ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து சீட்டு, 2 எல்லாம் வைல்ட் என்று வைப்போம். உங்கள் கையில் 2 இல்லை. மற்ற நால்வரிடம் 20 சீட்டு; காணாத 47இல் நான்கு 2. சராசரியாக அவர்களிடம் 1.7. அதாவது ஏறக்குறைய இரண்டு வைல்ட் கார்ட் எதிர்த்தரப்பில் இருக்கிறது, உங்களிடம் ஒன்றும் இல்லை. அப்போது இயற்கையான ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு சிப்ஸ் வைத்துப் பந்தயத்தை ஏற்றுவது வீண். மடக்கிவிட்டு அவர்கள் எதை எதற்காக மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். 304இல் போன சீட்டை நினைவில் வைத்திருக்கும் உங்கள் பழக்கம் இங்கேதான் உதவும்: ஒருவர் ஒரு சீட்டு மட்டும் மாற்றினால் அவர் கையில் ஏதோ அமைந்திருக்கிறது. இரண்டு வைல்ட் கார்ட் உங்களிடம் வந்தால் நிலைமை மறுதலை. மிச்சம் இரண்டுதான் வெளியே. அப்போது தயங்காமல் ஏற்றுங்கள். வெறுங்கையோடு பயங்காட்டி வெல்லலாம் என்று நினைக்க வேண்டாம். வைல்ட் கார்ட் மேசையில் எல்லோருக்கும் ஏதாவது இருப்பதால் எல்லோரும் காசு கட்டி உங்கள் கையைப் பார்க்க வருவார்கள்.

304இல் போல இங்கே கூட்டாளி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. எதிரே இருக்கிற அத்தான் உங்களுக்காகத் துரும்பு வெட்ட மாட்டார்.

போனில் காசு கட்டிப் பழகுவது பற்றி: வேண்டாம். இலங்கையில் காசு வைத்துச் சூதாடுவதை 1889இலிருந்தே சட்டம் கட்டுப்படுத்தி வருகிறது. அது ஒரு பக்கம். பழகுவதற்குக் காசு தேவையே இல்லை என்பது மறுபக்கம். ஒரு சீட்டுக்கட்டும் ஜோக்கரும் எடுத்து, ஏழு ஏழாகப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் பெரிய கை சின்னக் கை என்று பிரித்துப் பாருங்கள். ஏழு பேருக்கும் பகிர்ந்தபின் நான்கு சீட்டு மிஞ்ச வேண்டும். மேசையில் நடப்பதும் அதுதான். பயணத்துக்கு முன் மாலை நேரங்களில் இப்படிப் பழகினால் போதும். இலவச ஆப்களில் வரும் சிப்ஸை வைத்து உங்கள் திறமையை அளக்க வேண்டாம், அவற்றில் சில தாராளமாக வெல்ல விடும்.

காசினோவுக்குக் கொண்டுபோகும் காசைப் போகும் முன்னரே பிரித்து வையுங்கள், வங்கி அட்டையை அக்காவிடம் கொடுங்கள். ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விட மாட்டார்கள். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை, எப்படியும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பை கவ் மேசையில் சீட்டை மேசை மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டவும் வேண்டாம், அது அத்தானாக இருந்தாலும்.